ஜெயிக்கிற கோச்சுக்குக் கல்தா! பாதி சீசனில் இது நியாயமா?

பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் கால்பந்து மேட்ச் முடிந்தால் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ரசிகர்களுக்குப் பார்க் ஸ்டேஷன்தான் கதி. நீலச் சட்டையோடு தாம்பரம் வண்டியில் தொற்றுவார்கள். எழும்பூர் தாண்டும்போது பேச்சு சூடு பிடிக்கும். மாம்பலம் வருவதற்குள் கோச்சின் தலை உருண்டிருக்கும். கிண்டியில் புதுக் கோச்சையே நியமித்து விடுவார்கள்!

தோற்றால் திட்டுவது சகஜம். தோற்றுக்கொண்டே இருந்தால் வேலை போவதும் சகஜம். ஆனால், எதிர்பார்த்ததற்கு மேலேயே செய்து காட்டிய கோச்சை, சீசன் நடுவில் "போய் வாருங்கள்" என்று அனுப்பினால்? கிளப் முதலாளிகளுக்கு அந்த உரிமை இருக்கிறது. உரிமை வேறு, நியாயம் வேறு.

மூன்று மேட்ச் பாக்கி!

2020 ஜனவரி 31. ஐ.எஸ்.எல். பட்டியலில் எப்.சி. கோவாதான் நம்பர் ஒன். 15 ஆட்டத்தில் 30 பாயிண்ட். லீக்கில் பாக்கி இருந்தது மூன்றே மூன்று ஆட்டம். அன்றைக்குத்தான் கோச் செர்ஜியோ லோபெராவின் சீட்டு கிழிந்தது!

ஸ்பெயின்காரரான லோபெரா சாதாரண ஆள் இல்லை. 2016-ல் கோவா டீம் கடைசி இடம். 2017-ல் இவர் வந்தார். முதல் சீசனிலேயே அரையிறுதி. அடுத்த சீசனில் இறுதி ஆட்டம். எக்ஸ்ட்ரா டைமில் பெங்களூரிடம் 1-0 என்று நழுவியது. 2019 ஏப்ரலில் சூப்பர் கோப்பை. அதை யாரிடமிருந்து தட்டிப் பறித்தார் என்கிறீர்கள்? நம்ம சென்னையின் எப்.சி.யிடமிருந்து, 2-1!

இப்படிப்பட்டவரை அனுப்பினார்கள். ஆட்டம் மோசம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. நிர்வாகத்தோடு உரசல் என்றுதான் அப்போது செய்திகள் வந்தன.

அந்த வருஷம் முதலிடத்துக்கு ஒரு பெரிய பரிசும் இருந்தது. லீக்கில் முதலாவதாக வரும் டீமுக்கு ஆசிய சாம்பியன்ஸ் லீக் குரூப் ஆட்டங்களில் நேரடி இடம். அதுவரை எந்த இந்திய கிளப்புக்கும் கிடைக்காத இடம்!

மேற்குத் தாம்பரம் சண்முகம் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷமாக வியாபாரத்தைத் தூக்கி நிறுத்திய மேனேஜர். தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம். சரக்கு வந்து இறங்கியாயிற்று. அன்றைக்குப் போய் "நாளையிலிருந்து வராதீங்க" என்று சொல்கிற முதலாளி உண்டா? உண்டு! அதுதானே வேடிக்கை. சம்பளத்துக்கு வேலை பார்க்கிற வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

"பார்த்தீர்களா, ஜெயித்தோமே!"

சரி, பிறகு என்ன நடந்தது? முதலாளிகள் பக்கம் பேசுகிறவர்களுக்கு இங்கேதான் பலம். அதே கிளப்பில் இருந்த கோவாக்காரர், முன்னாள் இந்திய வீரர் கிளிஃபோர்ட் மிராண்டா தற்காலிகக் கோச் ஆனார். ஹைதராபாத்தை 4-1, மும்பையை 5-2, ஜாம்ஷெட்பூரை 5-0. மூன்றும் வெற்றி! 39 பாயிண்ட். லீக் ஷீல்டு கோவாவுக்கே. ஆசியக் கதவும் திறந்தது.

"கோச் போனால் என்ன குறைந்தது?" என்று கேட்கலாம். மிராண்டாவின் திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஓடுகிற வண்டியில் டிரைவரை மாற்றினால் அடுத்த ஸ்டேஷன் வரை வண்டி நிற்காமல் போகத்தான் செய்யும். கணக்கை அங்கேயே முடித்துவிட்டால் எப்படி?

2020 பிப்ரவரி 29. அரையிறுதியின் முதல் ஆட்டம், நம்ம நேரு ஸ்டேடியத்தில். கோவாவுக்கு 4-1 என்று செம அடி! ஒரு வாரம் கழித்து சொந்த மண்ணில் 4-2 என்று ஜெயித்தும் பிரயோஜனம் இல்லை. மொத்தக் கணக்கில் 6-5. சென்னை இறுதிக்குப் போனது. லோபெரா இருந்திருந்தால் சென்னை தோற்றிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கால்பந்தில் அப்படிச் சத்தியம் செய்ய முடியாது.

உண்மையான நஷ்டம் அடுத்த சீசனில் வந்தது. லோபெரா மும்பை சிட்டிக்குப் போனார். ஜாஹூ, மூர்ததா ஃபால், ஹ்யூகோ பூமூஸ், மந்தார் ராவ் தேசாய் என்று கோவாவின் நான்கு தூண்களும் மும்பைக்கு வந்து சேர்ந்தன. 2021 மார்ச்சில் அரையிறுதி. எதிரில் யார்? அதே கோவா! பெனால்டியில் 6-5 என்று மும்பை முடித்தது. அந்த வருஷம் லீக் ஷீல்டும் மும்பைக்கு, கோப்பையும் மும்பைக்கு. ஒரு கோச்சை அனுப்பினார்கள், பாதி டீம் போய்விட்டது!

சென்னை செய்தது என்ன?

இதே சீசனில் நம்ம ஊரிலும் கோச் மாறினார். ஆனால் கதை வேறு.

இங்கிலாந்துக்காரர் ஜான் கிரிகோரி. 2018 மார்ச்சில் பெங்களூரிலேயே பெங்களூரை 3-2 என்று வீழ்த்தி சென்னைக்கு இரண்டாவது கோப்பை கொண்டு வந்தவர். அடுத்த சீசனில் டீம் கடைசி இடம்! 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி. அப்போதே கல்தா கொடுத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கிளப் கொடுக்கவில்லை. கோப்பை தந்த மனுஷனுக்கு இன்னொரு சந்தர்ப்பம் கொடுத்தது. 2019-ல் மறுபடியும் சறுக்கல். 6 ஆட்டத்தில் ஒரே வெற்றி. நவம்பர் கடைசியில் இரு தரப்பும் பேசிப் பிரிந்தார்கள்.

ஸ்காட்லாந்துக்காரர் ஓவன் காயில் வந்தார். பட்டியலின் அடியில் கிடந்த டீமை நான்காவது இடத்துக்கு ஏற்றி, இறுதி ஆட்டம் வரை இழுத்துப் போனார். கொரோனா பயத்தில் ரசிகர்கள் இல்லாத மைதானத்தில், 2020 மார்ச் 14-ல் கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றது தனி சோகம்.

அதாவது, அந்த அரையிறுதியில் மோதிய இரண்டு டீமுமே பாதியில் கோச்சை மாற்றியவை! சென்னைக்கு மைதானமே காரணம் சொன்னது, 12 ஆட்டமும் கையில் இருந்தது. கோவாவுக்கு மைதானத்தில் ஒரு காரணமும் இல்லை, டயமும் இல்லை. என் ஓட்டு சென்னைக்கு. ஊர்ப் பாசம் என்று சொன்னாலும் சரி!

இங்கிலாந்தில் பயம் வேறு

லெய்ஸ்டர் கதை பலருக்குத் தெரியும். 2016-ல் கிளாடியோ ரனியேரி அந்தச் சின்ன டீமுக்கு இங்கிலாந்து லீக் பட்டத்தையே வாங்கிக் கொடுத்தார். பந்தயக்காரர்கள் ஒன்றுக்கு ஐயாயிரம் என்று வைத்திருந்த டீம்! 2017 பிப்ரவரியில் அவருக்கே கல்தா. கல் மனசுதான். ஆனால் அன்றைக்கு டீம் 17-வது இடம். இன்னும் ஒரு படி இறங்கினால் இரண்டாம் டிவிஷன், டி.வி. பணம் கோடி கோடியாகப் போய்விடும். மாற்றினார்கள், 12-வது இடத்தில் தப்பித்தார்கள்.

2013 ஜனவரியில் சவுதாம்ப்டன், டீமை இரண்டு டிவிஷன் மேலே ஏற்றிய நைஜல் ஆட்கின்ஸை அனுப்பியது. ஊரே திட்டியது. வந்தவர் போச்செட்டினோ! அடுத்த சீசனில் எட்டாவது இடம். அந்தச் சூதாட்டம் பலித்தது.

பலிக்காததும் உண்டு. நாட்டிங்காம் ஃபாரஸ்டை ஏழாவது இடத்துக்கு ஏற்றிய நூனோவை 2025 செப்டம்பரில் அனுப்பினார்கள். வந்த போஸ்டகோக்லு 39 நாள்தான் தாங்கினார். ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை!

கோவா சம்பவம் நடந்தபோது நம்ம ஐ.எஸ்.எல்.லில் கீழ் டிவிஷனுக்கு இறக்கும் விதியே கிடையாது. கடைசியில் வந்தாலும் அடுத்த வருஷம் அதே நாற்காலி. இங்கிலாந்து முதலாளிகள் பயத்தில் செய்வதை, பயமே இல்லாத இடத்தில் எதற்காகச் செய்ய வேண்டும்?

நாற்காலி சுற்றுகிறது!

மிராண்டா என்ன ஆனார்? 2023-ல் ஒடிசாவிலும் தற்காலிகக் கோச்சாக உட்கார்ந்து சூப்பர் கோப்பையே வாங்கிக் கொடுத்தார். அடுத்து ஒடிசா யாரைக் கோச்சாக அமர்த்தியது தெரியுமா? லோபெராவை! 2025-ல் மிராண்டா நம்ம சென்னையின் எப்.சி.க்கே வந்து சேர்ந்தார்.

லோபெரா? 2024-25 சீசனில் மோகன் பகானுக்கு ஷீல்டும் கோப்பையும் சேர்த்தே வாங்கிக் கொடுத்தார் ஜோஸ் மொலினா. 2025 நவம்பரில் அவரும் வெளியே. காலியான அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர், சாட்சாத் செர்ஜியோ லோபெரா!