ஆண்டர்சனின் தோட்டா

கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளைப் படித்தவர்கள் புலியைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அவர் கையிலிருந்த துப்பாக்கி மேல்தான் கண். பெங்களூர்க்காரர் என்றாலும் நம் பழைய சேலம் ஜில்லாக் காடுகளில் நிறையச் சுற்றியவர். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை எல்லாம் 1965இல் தர்மபுரி பிரியும்வரை சேலம்தானே. அவர் நம்பியிருந்தது .405 வின்செஸ்டர். (பள்ளியில் நான் 'கார்தூஷ்' என்று பிரெஞ்சில் படித்ததற்கு இங்கே தோட்டா என்று பெயர். கிணறு வெட்டப் பாறைக்கு வைப்பதும் தோட்டாதான்.)

பெரிய மிருகத்துக்குப் பெரிய தோட்டா என்று அந்தக் கால துரைமார்கள் .450 இரட்டைக் குழலைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். அதன் குண்டு 480 கிரெய்ன், அதாவது நம் கணக்கில் கிட்டத்தட்ட நாலு பவுன் எடை. ஆண்டர்சனின் குண்டு 300 கிரெய்ன், இரண்டரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. வேகம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் இரட்டைக் குழலில் இரண்டு வெடிதான். துப்பாக்கியே ஐந்து கிலோ வரும். வின்செஸ்டரில் லீவரை இழுத்து அடுத்தடுத்துச் சுடலாம். முள்ளுக்காட்டில், இருட்டில், தனியாக உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு எது வேண்டும்? புலி, சிறுத்தை, கரடிக்கு ஆண்டர்சன் எடுத்த முடிவு சரி என்பதே என் கட்சி.

யானைக்கும் காட்டெருமைக்கும் அது போதாது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்கா போனபோது சிங்கத்துக்கு இதே .405தான் மருந்து என்று புகழ்ந்தார். யானைக்காக அவரும் கனத்த இரட்டைக் குழல் ஒன்றைக் கூடவே வைத்திருந்தார்.

.450க்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கியின் குண்டும் அதே அளவு. கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்று பயந்து, 1907 வாக்கில் அந்த அளவையே இந்தியாவில் தடுத்துவிட்டது சர்க்கார். லண்டன் கம்பெனிகள் சும்மா இருப்பார்களா? .465, .470, .475 என்று மயிரிழை தள்ளி விற்றார்கள். ஆயுள் முழுக்க ஃபைல் பார்த்தவனுக்கு இது புதிதா என்ன!

இந்த எண்களெல்லாம் வெறும் பொழுதுபோக்கு இல்லை. 1907இல் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலிக்கு வலதுபுறக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. எப்போதோ பட்ட குண்டுக் காயம். இயற்கையான இரையைப் பிடிக்க முடியாமல் மனிதர் பக்கம் திரும்பியது. சுட்டவர் யார், என்ன தோட்டா, ஒன்றும் பதிவில்லை. செத்த 436 பேர்தான் கணக்கில் இருக்கிறார்கள். சுட்டால் அங்கேயே விழ வேண்டும்; அதற்குப் போதாத தோட்டாவை எடுப்பவன் தன் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை.

1972 சட்டம் வேட்டையை நிறுத்தியது, நல்லதுதான். ஆனால் அரைகுறைக் காயம் நிற்கவில்லை. பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயைக் கடித்து வாய் கிழிந்த யானைகளைப் பற்றி இன்றும் படிக்கிறோம். நாட்டுத் துப்பாக்கி கதை நம் மலையடிவாரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். பயிர் போனவர் வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும், அதனால் எதிர்க்கவில்லை. ஆனால் வனக்காவலர் கையில் எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா? சின்ன ரவை போட்ட பழைய துப்பாக்கியைக் கொடுத்து அனுப்பினால் பன்றி சாகாது, காயத்தோடு ஓடும். சரியான ரைஃபிளும் பயிற்சியும் கொடுக்க வேண்டும். அடிபட்டு ஓடியதை அன்றே தேடிப்போய் முடிக்க வேண்டும் என்று உத்தரவில் ஒரு வரியும் வேண்டும். விடிகாலையில் மரவள்ளிக் காட்டுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவருக்கு, உள்ளே என்ன படுத்திருக்கிறது என்று தெரியாது.