மூளைக்குள் தேங்கும் குப்பை

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது அதிலுள்ள கழிவும் பங்கிடப்பட்டுவிடும். தோலுக்கும் குடலுக்கும் இந்த வசதி உண்டு. மூளையின் நரம்புச் செல்களுக்கு இல்லை. எழுபது வயதுக்காரரின் மூளைச் செல்களில் பெரும்பாலானவற்றுக்கு வயது எழுபதுதான். அத்தனை வருடங்களும் அவை புரதங்களைத் தயாரித்துக்கொண்டே இருக்கின்றன. சில தப்பாக மடிகின்றன, சில பழுதாகின்றன. அவ்வப்போது அப்புறப்படுத்தாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும்.

செல்லிடம் இதற்கு இரண்டு ஏற்பாடுகள். பழுதான புரதத்தின் மீது யுபிக்விட்டின் என்ற குட்டிப் புரதம் சங்கிலியாக ஒட்டப்படுகிறது. கிட்டத்தட்ட எமன் ஓலை. ஓலை வந்த புரதத்தைப் பீப்பாய் வடிவ புரோட்டியசோம் உள்ளே இழுத்துத் துண்டாக்கும். யுபிக்விட்டின் மட்டும் கழன்று மறுபடி வேலைக்குப் போகும். இதைக் கண்டறிந்த இஸ்ரேலின் ஹெர்ஷ்கோ, சீஹனோவர், அமெரிக்காவின் ரோஸ் மூவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது.

பீப்பாயில் நுழையாத பெரிய கட்டிகளுக்கு வேறு வழி. ஒரு சவ்வு அவற்றைப் பை போலச் சுற்றி, லைசோசோமிடம் ஒப்படைக்கிறது. அங்கே அவை செரிக்கப்படுகின்றன. 'ஆட்டோஃபேஜி' எனப்படும் இதன் மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டுபிடித்தவர் ஜப்பானின் யோஷினோரி ஓசுமி. அவருக்கு 2016இல் நோபல்.

மூளைக்கு இது எவ்வளவு முக்கியம் என்பது 2006இல் தெரிந்தது. இரண்டு ஜப்பானியக் குழுக்கள் எலிகளின் நரம்புச் செல்களில் மட்டும் ஆட்டோஃபேஜியை நிறுத்தின. நோய் தரும் புரதம் எதையும் புகுத்தவில்லை. அள்ளுவதை நிறுத்தினார்கள், அவ்வளவே. எலிகளின் அசைவுகள் தடுமாறின. செல்களில் புரதக் கட்டிகள் சேர்ந்தன.

மனிதர்களிலும் தடயம் உண்டு. இளம் வயதிலேயே பார்க்கின்சன் நோய் வந்த குடும்பங்களில் 1998இல் 'பார்க்கின்' மரபணுவின் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. யுபிக்விட்டினை ஒட்டுவதுதான் அந்த மரபணு தரும் புரதத்தின் வேலை! பெரும்பாலான நோயாளிகளிடம் இந்தக் கோளாறு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், புரோட்டியசோமைத் தடுக்கும் மருந்து இருக்கிறது. 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற போர்டிசோமிப், ஒருவகை ரத்தப் புற்றுநோய்ச் செல்களை அவற்றின் கழிவாலேயே திணறடிக்கிறது. மூளையில் குப்பை அள்ளுவதை விரைவுபடுத்தி பார்க்கின்சனைத் தடுக்கும் மருந்துதான் கைக்கு வரவில்லை.

அந்த இடைவெளியில் புகுந்திருப்பது பட்டினி வைத்தியம். 'உபவாசம் இருந்தால் மூளை சுத்தமாகும், நோபல் கமிட்டியே சொல்லிவிட்டது' என்கிறார்கள். கமிட்டி அப்படிச் சொல்லவில்லை. பட்டினியில் ஈஸ்ட் ஆட்டோஃபேஜியை முடுக்கிவிடுவது நிஜம். ஆனால் உபவாசம் மனிதர்களுக்குப் பார்க்கின்சன் வராமல் தடுக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்கு ஏற்கெனவே உடல் எடை குறைந்துகொண்டிருக்கும். மருந்தையும் சாப்பாட்டையும் நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டிய அவர்களை, டாக்டரைக் கேட்காமல் பட்டினி போடுவது ஆபத்து.