சுவருக்கு வெளியே வந்த சூடு யாருடையது?

ஹாஸ்டலில் ஒரு ராத்திரி. 2024 நவம்பரில் கிரேட்டர் நொய்டாவில் ஒருத்தர் அபார்ட்மென்ட் ஃபிளாட்டுக்குள்ளேயே தொட்டி தொட்டியாக கஞ்சா வளர்த்து மாட்டிய செய்தியைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய வருஷம் கர்நாடகாவின் சிவமொக்காவில் வாடகை வீட்டுக்குள் லைட் போட்டு வளர்த்ததாகக் கைதான மெடிக்கல் காலேஜ் பசங்களில் தமிழ்நாட்டுப் பசங்களும் இருந்தார்கள். அப்போது ஒருத்தன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "மச்சான், உன் ப்ராஜெக்டே தெர்மல் கேமராதானே. அந்த லைட் சூட்டை மறைச்சுட்டா போலீசுக்குத் தெரியாதுல்ல?"

ரெண்டாவது செமஸ்டர் தெர்மோடைனமிக்ஸில் அரியர் வைத்தவன் கேட்கிற கேள்வி. 1000 வாட் விளக்கு போட்டால் கிட்டத்தட்ட 1000 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் முடியும். அது எங்கேயாவது வெளியே வந்துதான் ஆகணும். அதற்கு மேல் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. செடி வளர்த்தாலே 1985ஆம் வருஷ என்.டி.பி.எஸ். சட்டத்தில் 10 வருஷம் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். எங்கள் தெருவிலேயே ஒரு பையன் இந்தப் பழக்கத்தால் படிப்பை விட்டான், அதனால் எனக்கு இதில் ரொமான்ஸ் எதுவும் கிடையாது.

ஆனால் அவன் கேள்வியைத் திருப்பிப் போட்டால் ஒரு நல்ல கேள்வி வருகிறது. வெளியே வந்துவிட்ட அந்தச் சூட்டைப் பார்க்க யாருக்கு உரிமை இருக்கு?

நான் இதை யோசித்தது வேற ஒரு காரணத்தால். என் ப்ராஜெக்ட் அரிசி ஆலை மோட்டார்களின் பேரிங் சூட்டை அளந்து, பழுதாகும் முன்பே கண்டுபிடிப்பது. டிபார்ட்மென்ட் கேமராவை எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு பொங்கல் லீவுக்குக் குடவாசல் போனேன். கையில் அப்படி ஒரு சாமான் இருந்தால் சும்மா இருப்போமா? விடியற்காலை ஐந்து மணிக்கு மொட்டை மாடியில் ஏறித் தெருவைப் பார்த்தேன்.

நிறைய பேர் நினைக்கிற மாதிரி தெர்மல் கேமரா எக்ஸ்ரே இல்லை. சுவரைத் தாண்டி உள்ளே பார்க்காது. ஜன்னல் கண்ணாடிகூட அதற்குச் சுவர் மாதிரிதான். பொருள்களின் மேற்பரப்பிலிருந்து வருகிற 8 முதல் 14 மைக்ரான் அலைநீள அகச்சிவப்புக் கதிரை வாங்கி, சூட்டை நிறமாகக் காட்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவிலேயே எவ்வளவோ இருக்கு. தை மாசப் பனியில் தகரக் கூரை எல்லாம் வானத்தைப் பார்த்துச் சூட்டை இழந்து கருநீலமாகக் கிடக்கும். கீழே அடுப்பு பற்ற வைத்தால் அந்த இடம் மட்டும் மஞ்சளாகப் பூக்கும். ஒவ்வொரு வீடாக மஞ்சள் ஏறுவதைப் பார்க்கவே அழகா இருந்தது. எதிர்வீட்டுப் பெரியம்மா சமையல்கட்டு மட்டும் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா இட்லியைக் கட்டி எடுத்துக்கொண்டு போனாங்க. கேஸ் தீர்ந்து மூணு நாள் ஆச்சாம். அடுத்த சிலிண்டருக்குப் பணம் வரும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று பெரியம்மா இருந்திருக்காங்க. நல்ல காரியம்தானே செய்தேன் என்று பெருமையாகப் போய் நின்றேன். பெரியம்மா இட்லியைப் பற்றி ஒண்ணும் சொல்லவில்லை. "எப்படி தம்பி தெரிஞ்சுது?" என்றாங்க. கேமராவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "அப்ப நான் வெந்நீர் வச்சுக் குளிக்கிறது?" என்றாங்க.

என்னிடம் பதில் இல்லை. குளியலறைக் கூரையும் தகரம்தான்.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம், பெரியம்மா கேள்வியோடே. 1992 ஜனவரியில் ஒரேகான் மாநிலம் ஃப்ளாரன்ஸ் என்ற ஊரில், விடியற்காலை மூணேகால் மணி வாக்கில், ஒரு அரசு அதிகாரி தெருவில் நின்ற காருக்குள் உட்கார்ந்து டேனி கைலோ என்பவர் வீட்டை தெர்மல் கருவியால் பார்த்தார். சில நிமிஷம்தான். கராஜ் மேல் கூரையும் ஒரு பக்கச் சுவரும் பக்கத்து வீடுகளைவிடச் சூடாக இருந்தன. இதையும் கரன்ட் பில்லையும் துப்புக் கொடுத்தவர்கள் சொன்னதையும் சேர்த்து வாரன்ட் வாங்கினார்கள். உள்ளே 100க்கும் மேற்பட்ட கஞ்சா செடிகள். அதாவது போலீஸ் சந்தேகப்பட்டது சரி.

ஆனாலும் 2001 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில், வாரன்ட் இல்லாமல் வீட்டை அப்படிப் பார்த்ததே தவறு என்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா பெரிய புரட்சிக்காரர் இல்லை, பழமைவாதி என்று பெயர் எடுத்தவர். அவர் கொடுத்த உதாரணம் என்ன தெரியுமா? வீட்டுப் பெண் தினமும் ராத்திரி எந்த நேரத்தில் குளிக்கிறாள் என்பதைக்கூட இந்தக் கருவி காட்டிவிடலாம் என்பது. குடவாசலில் ஒரு பெரியம்மா ஒரு நிமிஷத்தில் கேட்டது அதேதான்.

எதிர்த்தரப்பும் முட்டாள்தனமானது இல்லை. சூடு தானாகவே சுவரை விட்டு வெளியே வருகிறது, தெருவில் இருப்பவன் அதைப் பார்ப்பதில் என்ன தப்பு என்று மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி ஸ்டீவன்ஸ் கேட்டார். 2004இல் கனடா உச்ச நீதிமன்றமும் டெஸ்லிங் வழக்கில் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னது. அங்கே போலீஸ் விமானத்திலிருந்தே பார்த்திருந்தது. படம் மங்கல், உள்ளே என்ன நடக்கிறது என்று அதில் தெரியாது, அதனால் வாரன்ட் தேவையில்லை என்று ஒருமனதாகத் தீர்ப்பு. அன்றைய கருவிக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் கேமராவின் பிக்சல் வருஷா வருஷம் கூடும், தீர்ப்பு அப்படியே நிற்கும். படிக்கிறவங்க எல்லாரும் இன்ஜினியர்கள், இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மங்கலான படத்தை வைத்து முடிவு எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கு. 2021 மே மாதம் இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கத்தில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில் ட்ரோன் கேமரா பெரிய சூட்டைக் காட்டியது. கஞ்சா தோட்டம் என்று கதவைத் திறந்தால் சுமார் 100 கம்ப்யூட்டர்கள் பிட்காயின் தோண்டிக்கொண்டிருந்தன. (அதுவும் திருட்டுக் கரன்ட்டில். எனவே போலீஸ் வெறுங்கையோடு திரும்பவில்லை.) நம்ம ஊரில் இதே கேமராவை ராத்திரி பறக்க விட்டால் முதலில் மாட்டுவது நெல் அவிக்கிற ஆலையும் பேக்கரியும் ஆகத்தான் இருக்கும். இங்கே கஞ்சா பெரும்பாலும் ஆந்திரா–ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலிலும் லாரியிலும் வருவது, கொஞ்சம் நாகை, வேதாரண்யம் கரை வழியாக இலங்கைக்குப் போவது. அதைப் பிடிக்க யார் வீட்டுக் கூரையையும் பார்க்கத் தேவையில்லை.

நம்ம நாட்டில் சட்டம் எங்கே நிற்கிறது? வீட்டுக்குள் நுழைவதற்கு என்.டி.பி.எஸ். 42ஆம் பிரிவு வரம்பு வைக்கிறது. கிடைத்த தகவலை எழுதி வைக்கணும், சூரியன் மறைந்த பிறகு வாரன்ட் இல்லாமல் நுழைந்தால் காரணத்தையும் எழுதணும், 72 மணி நேரத்தில் மேலதிகாரிக்கு அனுப்பணும். நல்ல விதிகள். ஆனால் நுழையாமலே தெருவிலிருந்து பார்த்தால்? நான் படித்த வரை அந்தப் பிரிவில் அதற்கு ஒரு வரி இல்லை. 1962இல் கரக் சிங் வழக்கில், போலீஸ் ராத்திரி வந்து கதவைத் தட்டிப் பார்ப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017 ஆகஸ்ட் 24இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். ஆனால் 1974இன் பூரன் மல் தீர்ப்பு, சோதனை முறைகேடாக நடந்திருந்தாலும் கிடைத்த சாட்சியம் வழக்குக்குப் பொருத்தமானதாக இருந்தால் அதை ஏற்கலாம் என்கிறது. ஆக கைலோ குடவாசல்காரராக இருந்தால், "என் வீட்டைத் தப்பான முறையில் பார்த்தாங்க" என்பதை மட்டும் வைத்துத் தப்பித்திருக்க மாட்டார். அவருக்காக நான் அழவில்லை. ஒரு செடியும் வளர்க்காத, பார்க்கப்பட்டதே தெரியாத மத்த வீடுகளுக்கு அந்த உரிமை எப்படிக் கிடைக்கும் என்பதுதான் என் கவலை. அவங்க கோர்ட்டுக்கே போக மாட்டாங்களே.

2020 ஊரடங்கில் கேரம் ஆடின பசங்களை போலீஸ் ட்ரோன் துரத்துகிற வீடியோ ஞாபகம் இருக்கா? வடிவேலு மீம் மாதிரி பார்த்துச் சிரித்தோம், நானும் ஷேர் பண்ணினேன். 2023இல் சென்னை அடையாறில் போலீசுக்கு ட்ரோன் பிரிவே வந்துவிட்டது. கடலில் மூழ்குகிறவரைக் காப்பாற்ற, கூட்டத்தைக் கவனிக்க அது நல்லதுதான். அதில் எந்தக் கேமரா பொருத்தலாம், வீட்டுக் கூரை மேல் பிடித்த படத்தை எத்தனை நாள் வைக்கலாம், வாரன்ட் எப்போது வேண்டும் என்று சட்டமன்றத்தில் விவாதித்து ஒரு விதி எழுதுங்கள் என்று கேட்பது போலீசுக்கு எதிரான பேச்சு இல்லை. பிரஷர் குக்கருக்கு வெயிட் வால்வு கேட்கிற மாதிரிதான்.

நம்ம பங்கும் இதில் இருக்கு. போன வாரம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் டைப் பண்ணும்போது, "பயன்பாடுகள்" என்ற தலைப்பில் சீனியர் ரிப்போர்ட்டிலிருந்து காப்பி அடித்த வரிசையில் மூணாவதாக "கண்காணிப்பு" என்று இருந்தது. எல்லா ரிப்போர்ட்டிலும் இருக்கு, உங்க ரிப்போர்ட்டிலும் இருக்கலாம். அதை எடுத்துவிட்டேன். கைடு ஏன் என்று கேட்டார், பெரியம்மா கதையைச் சொன்னேன். "வைவாவில் இதைச் சொல்லாதே" என்றார், ஆனால் கையெழுத்துப் போட்டார். அந்த ரெண்டு நாள் படங்களை மெமரி கார்டிலிருந்து அழித்த பிறகுதான் கேமராவைத் திருப்பிக் கொடுத்தேன். பெரியம்மா குளியலறைக் கூரைக்குக் கீழே தென்னங்கீற்று வேய்ந்துவிட்டதாக அம்மா போனில் சொன்னாங்க. கேட்டால், வெயிலுக்கு என்று சொல்றாங்களாம்.