சாக்கடையில் மின்சாரம்: காஸ்ட்லி சவ்வா, மண்பானையா?

நெல்லை ஊறவைத்து அவித்தபின் அரிசி ஆலைகளில் மிஞ்சும் தண்ணீரின் வாடை, அந்தப் பக்கம் பைக்கில் போனவர்களுக்கே தெரியும். அந்தத் தண்ணீரை இரண்டு விதமான மின்கலங்களில் ஊற்றிப் பார்த்தார்கள் கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள். ஒன்றில் நாஃபியான் என்ற விலை உயர்ந்த சவ்வு. இன்னொன்றில் வெறும் மண்பானை. 2010-ல் வெளியான முடிவு: பானையில் கன மீட்டருக்கு 2.3 வாட், நாஃபியானில் 0.53 வாட். ஜெயித்தது பானை!

எப்படி இது சாத்தியம்? அதற்கு முன், இந்தக் கலம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

பாக்டீரியா கழிவைத் தின்னும்போது எலெக்ட்ரான்களை வெளியே தள்ளும். பாக்டீரியாவிலிருந்து மின்சாரம் வரும் என்று இங்கிலாந்தின் பாட்டர் 1911-லேயே காட்டிவிட்டார். ஆனோடு என்ற தகட்டில் இறங்கும் எலெக்ட்ரான்கள் ஒயர் வழியாகக் கேத்தோடு பக்கம் போகும். கூடவே உருவாகும் புரோட்டான்களும் அங்கே போய்ச் சேரணும். அப்போதுதான் ஆக்சிஜனுடன் கலந்து தண்ணீராகி, சுற்று முழுமையாகும். நடுவில் நிற்கும் சுவர்தான் சவ்வு. அயனிகளை விடணும், ஆனால் ஆக்சிஜனை விடக்கூடாது. சொல்வது சுலபம், அமைவது கஷ்டம்.

நாஃபியான் 1960-களில் டுபாண்ட் நிறுவனத்தில் பிறந்தது. டெஃப்லான் போன்ற முதுகெலும்பில் சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகளைக் கோத்தது போன்ற பொருள். ஹைட்ரஜன் எரிபொருள் கலம், காஸ்டிக் சோடா ஆலை போன்ற இடங்களில் அது ராஜா. ஹைட்ரஜன் கலத்தில் கடந்துபோக வேண்டியவை புரோட்டான்கள் மட்டுமே; போட்டிக்கு ஆளில்லை.

சாக்கடை அப்படியா? அங்கே சோடியம், பொட்டாசியம், அம்மோனியம், கால்சியம் எல்லாம் சேர்ந்தால் புரோட்டானைப் போல் லட்சம் மடங்கு இருக்கும். புரோட்டானுக்காகப் போட்ட வாசலில் இவைதான் முண்டியடித்து நுழைகின்றன. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2006-ல் இதை அளந்தே காட்டினார்கள். விளைவு: புரோட்டான் தேங்கி ஆனோடு பக்கம் புளிக்கிறது, கேத்தோடு பக்கம் காரமாகிறது. பிஹெச் ஒரு புள்ளி விலகினால் சுமார் 59 மில்லிவோல்ட் காலி. மொத்தமே அரை வோல்ட் சுமாருக்குத் தரும் கலத்தில் இது சின்ன இழப்பு இல்லை.

அப்படியானால் எதிர்மின் அயனிகளை விடும் சவ்வைப் போட்டால்? அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலையில் புரூஸ் லோகன் குழு 2007-ல் அதைச் சோதித்தது. சதுர மீட்டருக்கு 610 மில்லிவாட் கிடைத்தது. நாஃபியானில் 514, சாதாரண நேர்மின் அயனிச் சவ்வில் 480. கேத்தோடு பக்கமிருந்து வரும் பாஸ்பேட், ஆனோடு பக்கம் தேங்கிய புரோட்டானைப் பிடித்துக்கொள்வதுதான் ரகசியம். ஆனால் அந்த பாஸ்பேட் லேபில் தாராளமாகக் கலந்தது. நிஜச் சாக்கடையில் அவ்வளவு இருக்காது. இந்தத் துறைப் பேப்பர்களின் எண்களைப் பார்த்து வாய் பிளப்பவர்கள், முதலில் தண்ணீரில் என்ன கலந்தார்கள் என்று பார்ப்பது நல்லது.

சவ்வே வேண்டாம் என்றும் ஒரு வழி உண்டு. 2004-ல் லோகனும் ஹாங் லியுவும் சவ்வைக் கழற்றியபோது சக்தி 262-லிருந்து 494 மில்லிவாட்டுக்கு ஏறியது. சந்தோஷப்பட முடியவில்லை. உள்ளே கசிந்த ஆக்சிஜனை வைத்தே பாக்டீரியா சாப்பாட்டை முடித்துவிட்டது. உணவில் இருந்த எலெக்ட்ரான்களில் மின்சாரமாக மாறிய பங்கு, 40-55 சதவீதத்திலிருந்து 9-12 சதவீதமாகச் சரிந்தது.

இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது சுடுமண். அதன் நுண்துளைகளில் தண்ணீர் நிரம்பியிருப்பதால் அயனிகள் போகும். களிமண் தாதுக்களுக்கே அயனிகளை மாற்றிக்கொள்ளும் குணமும் உண்டு. ஆக்சிஜன் கொஞ்சம் கசியும்தான். ஆனால் பானையின் சுவர் முழுக்கச் சவ்வாக வேலை செய்யும். அத்தனை பரப்புக்கு நாஃபியான் வாங்கி ஒட்ட யாருக்குக் கட்டுப்படியாகும்? பிரிஸ்டலில் அயோனிஸ் இயெரோபூலஸ் குழுவும் பீங்கான் குழாய்களைத்தான் நம்பியது. 2015 கிளாஸ்டன்பரி இசை விழாவில் சிறுநீரை வைத்தே கழிப்பறை விளக்கை எரிய வைத்தார்கள்.

எனவே கழிவுநீருக்கு நாஃபியான் தவறான தேர்வு. ‘பெரிய பிராண்ட், பாதுகாப்பான சாய்ஸ்’ என்ற பழக்கத்தில் ஆய்வுப் பணத்தை அதில் கொட்டுவது வீண். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு லேபில் இருக்கட்டும், அவ்வளவுதான்.

அதற்காகப் பானை வீட்டுக்கு கரண்ட் தரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2.3 வாட் என்றால், ஆயிரம் லிட்டர் டேங்க்குக்கு ஒரு எல்இடி நைட் லேம்ப். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்தில் சுமார் பாதி மின்சாரம் காற்றடிக்கும் புளோயருக்கே போய்விடுகிறது. கரக்பூர் கலங்கள் இரண்டுமே கழிவுச் சுமையை 90 சதவீதத்துக்கும் மேல் குறைத்தன.

பானையிலும் தலைவலி இருக்கிறது. ஊருக்கு ஊர் மண் மாறும். சூளையின் சூடு மாறினால் துளையின் அளவும் மாறும். நாளாக ஆக வெளிச்சுவரில் உப்பு பூத்து அடைத்துக்கொள்ளும். எந்த மண், எத்தனை டிகிரி, சுவர் எத்தனை மில்லிமீட்டர், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கழுவணும் என்ற கணக்கெல்லாம் லேபில் உட்கார்ந்து மட்டும் வராது. பானை வனைபவரையும் கூப்பிட்டு உட்காரவைக்கணும்.