குருதி தந்தவர்களுக்குக் குரலும் வேண்டும்

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுபாய் பழங்குடியினர், தங்களை வாட்டிய நீரிழிவு நோய்க்கு விடை தேடி, 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குக் குருதி வழங்கினர். அவர்கள் அறியாமலேயே அதே குருதி மனச்சிதைவு, மூதாதையரின் இடப்பெயர்வு குறித்த ஆய்வுகளுக்கும் பயன்பட்டது. பள்ளத்தாக்கே தங்கள் பிறப்பிடம் என நம்பும் மக்களை அது ஆழமாகக் காயப்படுத்தியது. 2010இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. பல்கலைக்கழகத் தரப்பு 7 லட்சம் டாலர் வழங்கி, எஞ்சிய குருதி மாதிரிகளையும் திருப்பித் தந்தது.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருந்ததே என்று கேட்கலாம். அப்படிவத்தின் சொற்கள் எதற்கும் பொருந்துமளவு விரிந்திருந்தன என்பதே சிக்கல். மேலும், தனிமனிதரின் கையெழுத்து ஒரு சமூகத்தின் வரலாற்றை ஆராயும் உரிமையைத் தந்துவிடாது. நவஹோ மக்கள் 2002இல் தங்கள் நிலத்தில் மரபணு ஆய்வுகளையே நிறுத்திவைத்தனர். அதை அறிவியல் வெறுப்பாக நான் கருதவில்லை. பேச்சுவார்த்தைக்கான நிபந்தனையாகவே பார்க்கிறேன்.

இந்தியாவில் 2023இல் தொடங்கிய அரிவாள் செல் இரத்தசோகை ஒழிப்பு இயக்கம், பழங்குடிப் பகுதிகளில் 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. அது ஆய்வன்று, சிகிச்சைக்கான பரிசோதனை, தேவையானதும்கூட. ஆனால், அத்தரவுகளை நாளை ஓர் ஆய்வாளர் கேட்டால், அனுமதிக்கும் மேசையில் பழங்குடியினரும் அமர்ந்திருக்க வேண்டும், மறுக்கும் அதிகாரத்தோடு.