டியூபாவுக்கு எத்தனை புள்ளி?

எங்கள் பிள்ளைகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளியின் பேண்ட் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒருவர் கொதித்துவிட்டார். அவர் மகள் வெளியே ஆசிரியர் வைத்து கிளாரினெட் கற்று, ஏபிஆர்எஸ்எம் இசைத் தேர்வில் ஐந்தாம் கிரேடு முடித்தவள். "ஒழுங்காக ஊதத் தெரியாத பிள்ளைக்கும் என் பிள்ளைக்கும் ஒரே புள்ளியா?" என்று கேட்டார். குழு இரண்டாகப் பிரிந்தது. வாசிப்புத் திறனுக்குப் புள்ளி என்று ஒரு பக்கம், வருகைக்குப் புள்ளி என்று மறுபக்கம். நான் வருகைப் பதிவின் பக்கம்.

சிங்கப்பூரில் பேண்ட் ஓர் இணைப்பாட நடவடிக்கை. 2014இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து 'லீப்ஸ் 2.0' முறை நடப்பில் இருக்கிறது. தலைமைத்துவம், சாதனை, பங்கேற்பு, சேவை என நான்கு கணக்கு. பங்கேற்பில் முக்கியமாகப் பார்ப்பது எத்தனை ஆண்டு இருந்தாய், ஆண்டுக்கு 75 விழுக்காடாவது வந்தாயா என்பதைத்தான். நான்கும் சேர்ந்து 'எக்ஸலண்ட்' கிடைத்தால் தொடக்கக்கல்லூரிச் சேர்க்கையில் 2 சலுகைப் புள்ளி, 'குட்' என்றால் 1. சண்டையெல்லாம் அந்த 2 புள்ளிக்காகத்தான், இசைக்காக அல்ல.

என் மகன் வாசிப்பது டியூபா. உயர்நிலை ஒன்றில் அவன் உடல்வாகைப் பார்த்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதுவரை அவன் ஊதியது பிறந்தநாள் பலூன் மட்டுமே. பத்துக் கிலோ அளவுக்குக் கனக்கும் அதை எம்ஆர்டியில் தூக்கிக்கொண்டு வர முடியுமா? வந்தாலும், வீவக வீட்டில் இரவு எட்டு மணிக்கு டியூபா ஊதினால் மேல்வீட்டு ஆன்ட்டி சும்மா இருப்பாரா? அவன் பயிற்சி முழுவதும் பள்ளியின் பேண்ட் அறையில்தான். ஒரு நாள் போகவில்லையென்றால் அன்று வாசிப்பே இல்லை. கிளாரினெட் பைக்குள் அடங்கிவிடும். ஆசிரியருக்கு மாதச் சம்பளம் கொடுக்க வசதியுள்ள வீட்டில் சீக்கிரமே நன்றாகப் பேசவும் செய்யும். வாசிப்புத் திறனுக்குப் புள்ளி என்று அறிவித்துப் பாருங்கள், அடுத்த வாரமே பேண்டுக்கும் துணைப்பாட நிலையம் முளைக்கும். கணக்குக்கும் அறிவியலுக்கும் கட்டுவது போதாதா?

பெற்றோரை உள்ளே விட்ட ஓர் ஒத்திகையில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெட்டெல்லாம் புல்லாங்குழலுக்கும் கிளாரினெட்டுக்கும். இவனுக்கு நீண்ட ஓய்வு. மடியில் டியூபாவை வைத்துக்கொண்டு, காற்சட்டை மேல் விரலால் தட்டித் தட்டி பார் எண்ணுகிறான். நடுவில் குழாயில் தேங்கிய நீரைக் காலடியில் கிடந்த துணியில் வடிக்கிறான். பிறகு நடத்துநரின் கையை நிமிர்ந்து பார்த்து மூச்சை இழுத்து, நான்கே சுரம். அதுவரை மேலே மிதந்துகொண்டிருந்த பாட்டுக்குத் தரை கிடைத்தது. தனியாக நிறுத்தி அந்த நான்கு சுரத்தை ஊதச் சொன்னால் எந்தத் தேர்வாளரும் பெரிதாக மதிக்கப்போவதில்லை.

இப்போதைய முறை அப்படியே இருக்கட்டும் என்று சொல்லவில்லை. பள்ளிப் பேண்டுகளை மதிப்பிடும் சிங்கப்பூர் இளையர் விழாவில் 2013இல் தங்கம், வெள்ளி, வெண்கலத்தை எடுத்துவிட்டு டிஸ்டிங்ஷன், அக்கம்பிளிஷ்மென்ட், கமெண்டேஷன் என்று சான்றிதழ்களைக் கொண்டுவந்தார்கள். பள்ளி வாசல் பதாகைகளைப் பார்த்தால் போட்டி தணிந்ததாகத் தெரியவில்லை. விழா ஆண்டில் மாதக்கணக்காக அதே இரண்டு பாடல்தான். சான்றிதழ் மொத்தக் குழுவுக்கும் வருகிறது. நீ எப்படி வாசிக்கிறாய் என்று தனிப்பிள்ளையிடம் யாரும் சொல்வதில்லை. கடினமான இடம் வந்தால் வாத்தியத்தை வாயில் வைத்துக்கொண்டு ஊதுவதுபோல் பாவனை காட்டும் பிள்ளைகள் எல்லாப் பேண்டிலும் உண்டு. சோம்பல் இல்லை, பயம். வருகைப் பதிவில் அவர்களுக்கு ஒரு குறையும் இருக்காது.

பருவத்துக்கு ஒருமுறை பயிற்றுநர் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து எட்டு பார் வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். புள்ளி வேண்டாம். 'தாளம் உறுதி, மூச்சு பாதியில் அறுகிறது' என்று இரண்டு வரி எழுதித் தரட்டும். அத்தனை பேருக்கும் நேரம் ஏது என்பார்கள். அந்த இரண்டு பாடலுக்கு ஒதுக்கிய மாதங்களிலிருந்து இரண்டு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் கிரேடு பெண்ணையும் அழையுங்கள். விரல் வேகத்தைப் பற்றி அவளுக்கு எழுத ஒன்றும் இருக்காது. பக்கத்து நாற்காலியில் இருப்பவளின் சத்தம் காதில் விழுகிறதா என்று கேட்டு எழுதலாம்.