மாத்திரை இலவசம், ரத்தம் பார்க்கப் பொழுது உண்டா?

ஒருவர் வெளுத்துப்போய், நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கினால், "ஊர்ச் சாப்பாடு இல்லாத குறை" என்று சொல்லிவிட்டு நகர்வது மும்பையில் பிழைக்கும் நம்மவர்களின் வழக்கம். பல சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் எச்.ஐ.வி. கிருமிக்கு மாத்திரை சாப்பிட்டு வருபவருக்கு இப்படி வந்தால் அலட்சியம் கூடாது. அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம்.

சிடோவுடின் என்ற மருந்தைத்தான் சொல்கிறேன். ஏ.இசட்.டி. என்றும் அதற்குப் பெயர். எய்ட்சுக்கென்று அமெரிக்காவில் முதன்முதலாக 1987 மார்ச்சில் அனுமதி பெற்றது அதுவே. அதற்கு முன் 282 நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் இறந்தவர் ஒருவர்; வெறும் மாவு மருந்து சாப்பிட்டவர்களில் இறந்தவர்கள் 19 பேர். அதே சோதனையில், மருந்து சாப்பிட்டவர்களில் 100க்கு 24 பேருக்கு ஹீமோகுளோபின் 7.5 கிராமுக்குக் கீழே இறங்கியது. உயிரைக் காத்த மருந்தே ரத்தத்தையும் குறைத்தது.

காரணம் இதுதான். ரத்தத்தின் சிவப்பணுக்கள் எலும்பு மஜ்ஜையில் ஓயாமல் உற்பத்தியாகின்றன. கிருமி பெருகுவதைத் தடுக்கும் இம்மருந்து, சிலருக்கு அந்த உற்பத்தியையும் மந்தமாக்கிவிடுகிறது. அன்று நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் கொடுத்தார்கள். பின்னர் 600 ஆகக் குறைத்தார்கள். ஆபத்து குறைந்தது, அடியோடு நீங்கவில்லை.

நம் நாட்டில் 2004 ஏப்ரல் 1 முதல் அரசு ஆஸ்பத்திரிகளில் எச்.ஐ.வி. கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. பல ஆண்டுகள் அதில் சிடோவுடினுக்கு முக்கிய இடம் இருந்தது. இன்று புதிதாகச் சேருபவர்களுக்குப் பெரும்பாலும் வேறு மருந்துகளே தரப்படுகின்றன. என்றாலும் சிலருக்கு இன்னும் சிடோவுடின் தேவைப்படுகிறது.

டானிக் போதாது

சோகை வந்ததும் நம்மவர்கள் இரண்டு தவறுகளைச் செய்கிறார்கள். ஒன்று, மருந்துக்கடையில் இரும்புச்சத்து டானிக் வாங்கிக் குடிப்பது. இரும்புச்சத்துக் குறைவால் வந்த சோகைக்கு அது மருந்து. மஜ்ஜை மந்தமானதால் வந்த சோகைக்கு அது உதவாது, நாள்தான் கடந்துபோகும்.

இரண்டாவது தவறு இன்னும் பெரிது. "மாத்திரைதானே வெளுக்க வைக்கிறது" என்று அதைத் தாமாகவே நிறுத்திவிடுவது. நிறுத்தினால் அடங்கியிருந்த கிருமி மறுபடி பெருகும். மருந்துக்குக் கட்டுப்படாததாகவும் மாறலாம்.

செய்ய வேண்டியது ரத்தப் பரிசோதனை. சோகைக்குக் காசநோயும் காரணமாக இருக்கலாம், எச்.ஐ.வி.யே காரணமாகவும் இருக்கலாம். மருந்துதான் காரணம் என்று தெரிந்தால் டாக்டர் அதை மாற்றித் தருவார். ரத்தமும் மெல்ல ஊறிவிடும்.

அரை நாள் கூலி

சிடோவுடின் தொடங்கியவருக்கு 15ஆம் நாளிலும், பிறகு முதல் மூன்று மாதங்களுக்கு மாதந்தோறும் ரத்தம் பார்க்க வேண்டும். சோகை பெரும்பாலும் தலைகாட்டுவது அந்தக் காலத்தில்தான். மாத்திரைக்குக் காசு வேண்டாம். ஆனால் ரத்தம் கொடுக்கப் போனால் அரை நாள் கூலி போகிறது. "எதற்கு லீவு?" என்று மேஸ்திரி கேட்பார். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம். அந்தப் பயத்திலேயே பரிசோதனை தள்ளிப்போகிறது.

"காரணம் சொல்லாமல் ஆளாளுக்கு லீவு கேட்டால் தொழில் எப்படி நடக்கும்?" என்று முதலாளிகள் கேட்கலாம். மாதத்தில் ஒரு காலைப்பொழுதைத் தர மறுத்து, தொழில் தெரிந்த ஆள் படுத்தபடுக்கையானால் நஷ்டம் யாருக்கு? எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக வேலையை விட்டு நீக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல், தனக்குள்ள நோயைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தவும் முடியாது. 2018 செப்டம்பர் 10 முதல் அச்சட்டம் அமலில் உள்ளது. அது நம் பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் எட்ட வேண்டும்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. தினக்கூலிக்காரர் வரக்கூடிய மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ரத்தம் எடுக்க ஏற்பாடு வேண்டும். தமிழர் மிகுந்த பகுதிகளில், தமிழ் தெரிந்த ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். "தலை சுற்றுகிறது" என்பதைக்கூட இந்தியிலோ மராத்தியிலோ சொல்லத் தெரியாமல் திரும்பி வருபவர்கள் இருக்கிறார்கள். பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் கூடும் நம் சங்கங்கள் இதற்காகவும் ஒரு மனுக் கொடுக்கலாம்.

ஊருக்கும் மும்பைக்குமாக அலைபவர்கள் சிகிச்சைப் புத்தகத்தைப் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். சரக்குக்கு ரயில்வே ரசீது எப்படியோ, இவர்களுக்கு அந்தப் புத்தகம் அப்படி. என்ன மருந்து, கடைசியாக ரத்தம் எவ்வளவு என்பதை வேறூர் டாக்டர் அதைப் பார்த்துத்தான் அறிய முடியும். சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் கேட்கலாம்.

நம் வீட்டிலோ அறையிலோ ஒருவர் சோர்ந்து உட்கார்ந்தால் சோம்பேறி என்று ஏச வேண்டாம். என்ன நோய் என்று துருவவும் வேண்டாம். "ரத்தம் பார்த்தாயா?" என்று கேட்போம். போகத் தயங்கினால் கூடப் போவோம்.